மலையே சாமி, அருவியே கருவறை... தெரியுமா?

டோக்கியோவில் ஹராஜுகு ரயில் நிலையத்துக்கு ஒரு பக்கம் துணிக்கடைகள், தின்பண்டக் கடைகள், தலைமுடியில் ஏழு வண்ணம் பூசிய இளைஞர் பட்டாளம். மறுபக்கம் 70 ஹெக்டேர் காடு! மெய்ஜி பேரரசருக்கும் அவருடைய அரசிக்கும் 1920-இல் எழுப்பிய ஷிந்தோ கோயிலைச் சுற்றி நிற்கிற காடு அது. உள்ளே நுழைந்து நூறு தப்படி நடந்தால் ஊர்ச் சத்தம் அடங்கிவிடும். ஆயிரம் ஆண்டுப் பழங்காடு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அது மனிதர்கள் கையால் நட்ட காடு என்பது தெரியுமா? அங்கே முன்பு இருந்தது பெரும்பாலும் வயலும் புல்வெளியும். நாடு முழுவதிலிருந்தும் மக்கள் சுமார் ஒரு லட்சம் மரக்கன்றுகளைக் காணிக்கையாக அனுப்பினார்கள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இளைஞர்கள் கூலி வாங்காமல் வந்து மண் சுமந்தார்கள். அன்றைய பிரதமர் ஒகுமா ஷிகெனொபு, கோயில் என்றால் வானுயர்ந்த சுகி மரங்கள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வனவியல் அறிஞர் ஹோண்டா செய்ரொகு மறுத்தார். டோக்கியோ மண்ணிலும் புகையிலும் சுகி தழைக்காது, ஓக், கற்பூர மரம் போன்ற அகன்ற இலை மரங்களே நிலைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பிரதமர் இறங்கி வந்தார்! 150 ஆண்டுகளில் அந்தக் காடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் இயற்கைக் காடாக மாற வேண்டும் என்பது திட்டம். நட்டவர்களில் ஒருவரும் அந்த முழுக்காட்டைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே நட்டார்கள். இன்றும் பாதையில் விழும் சருகைக் கூட்டுகிறவர்கள் அதைக் குப்பை வண்டியில் ஏற்றுவதில்லை. ஒரு இலை விடாமல் காட்டுக்குள்ளேயே திருப்பிக் கொட்டிவிடுகிறார்கள். இந்தக் கோயிலுக்குப் புத்தாண்டின் முதல் 3 நாட்களில் மட்டும் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள்!

ஷிந்தோ மதத்துக்கு நிறுவனர் கிடையாது. வேதம், பைபிள் போல் ஒரே திருநூல் கிடையாது. பத்துக் கட்டளை இல்லை, வாராந்தரப் பிரசங்கம் இல்லை. ஆனால் ஜப்பான் முழுவதும் சுமார் 80,000 கோயில்கள் இருக்கின்றன. 'காமி' என்று அவர்கள் வணங்கும் தெய்வங்களின் எண்ணிக்கையை மரபு 80 லட்சம் என்று சொல்லும். கணக்கில் அடங்காதவை என்பதே அதன் பொருள். மனம் அமைதியாக இருப்பது எப்படி என்று அங்கே யாரும் வகுப்பு எடுப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கைக்கும் காலுக்கும் வேலை கொடுக்கிறார்கள். கழுவு, நட, குனி, தட்டு, எழுது, ஊது, நுழை. மனசு பின்னாலேயே வந்துவிடுகிறது. நான் வியந்து வியந்து படித்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்!

வாசலில் இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம் வைத்த 'தோரி' நிற்கும். கதவு இல்லை, பூட்டு இல்லை. அதன் முன் ஒரு முறை தலை குனிந்துவிட்டு, பாதையின் ஓரமாக நடக்க வேண்டும். நடுப்பாதை தெய்வத்துக்கு! பாதையில் சரளைக்கல் பரப்பியிருப்பதால் வேகமாக நடக்க முடியாது. ஒவ்வொரு அடியும் காதில் விழும். அடுத்தது தண்ணீர்த் தொட்டி. மூங்கில் அகப்பையில் ஒரே ஒரு முறை மொள்ளும் நீரில் இடது கை, வலது கை, வாய், மறுபடி இடது கை, கடைசியில் அகப்பையை நிமிர்த்தி அதன் காம்பு என அத்தனையும் கழுவி முடிக்க வேண்டும். முயன்று பாருங்கள், வேறு எதையும் நினைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது! கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டார்கள். சில இடங்களில் அந்தத் தொட்டி நிறையப் பூக்களை மிதக்க விடுகிறார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. பிறகு சன்னதி முன் இரண்டு முறை வணக்கம், இரண்டு முறை கைதட்டல், சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லி, இன்னொரு வணக்கம். அவ்வளவுதான் வழிபாடு.

உள்ளே என்ன சிலை என்று கேட்கிறீர்களா? பெரும்பாலான கோயில்களில் சிலையே இல்லை! ஒரு கண்ணாடியோ, வாளோ, கல்லோ இருக்கலாம். அதையும் திரைக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை. இன்னும் ஒரு படி மேலே போகிறது நாரா பகுதியின் ஓமிவா கோயில். அங்கே கருவறையே கிடையாது. பின்னால் நிற்கும் 467 மீட்டர் மிவா மலைதான் சாமி. மலையேற அனுமதி வாங்கி, மணி கட்டிய வெள்ளைப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். படம் எடுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. செல்போன் கையில் இருந்தும் ஒரு படம்கூட எடுக்காமல் ஒரு மலையை ஏறி இறங்குவது இந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விடுதலை! வகயாமாவின் நாச்சியில் 133 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியே தெய்வம். அருவிக்கு எதிரே தோரி மட்டும் நிற்கிறது. வணங்குவது நேரே அருவியைத்தான்.

தெய்வங்கள் கூட்டம் போடுகிற கோயிலும் உண்டு, தெரியுமா? பழைய சந்திர நாட்காட்டியின் 10-ஆம் மாதத்தில் ஜப்பானின் எல்லாத் தெய்வங்களும் இசுமோ கோயிலுக்குப் புறப்பட்டு வருவதாக நம்பிக்கை. யாருக்கு யார் துணை, எந்த உறவு எங்கே சேர வேண்டும் என்று பேசி முடிவெடுப்பார்களாம். இரவில் கடற்கரையில் தீ மூட்டி வரவேற்கிறார்கள். கோயிலின் இரு பக்கமும் நீண்ட கட்டடங்கள் இருக்கின்றன. அவை விருந்தாளித் தெய்வங்கள் தங்கும் அறைகள்! எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். கூட்டம் நடக்கும் நாட்களில் பாட்டு, கூத்து, கட்டட வேலை எதுவும் இல்லாமல் ஊரே அடங்கி இருப்பது மரபு. சாமிகளின் பேச்சுக்கு இடைஞ்சல் கூடாதே!

கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஹிரோஷிமா அருகே மியாஜிமா தீவில் இருக்கும் இத்சுகுஷிமா கோயிலின் தோரி அது. 16 மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 60 டன் எடை. அதன் கால்கள் கடலடி மண்ணுக்குள் புதைக்கப்படவில்லை என்பது தெரியுமா? தன் எடையால் மட்டுமே நிற்கிறது! அடியில் மண்ணை இறுக்கக் கட்டைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள். மேலே, வெளியில் தெரியாத பெட்டி போன்ற உத்தரத்துக்குள் கைமுட்டி அளவுக் கற்கள் சுமார் 7 டன். இப்போது நிற்பது 1875-இல் வைத்தது. எத்தனை புயல் பார்த்திருக்கும்! தீவு முழுவதும் புனிதம், அதன் மண்ணைக் கீறக்கூடாது என்றுதான் கோயிலையே தண்ணீர் மேல் கட்டினார்களாம். தரைப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள்; அலை பொங்கினால் நீர் மேலே வந்துவிட்டுப் போய்விடும், பலகை பெயராது.

கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயில் இரவிலும் திறந்தே இருக்கும். மலைப்பாதை நெடுக சுமார் பத்தாயிரம் தோரிகள். பகலில் தோளோடு தோள் உரசும் கூட்டம். விடியற்காலையில் போகிறவர்களுக்கு அந்தப் பாதை முழுவதும் சொந்தம்.

சரி, மனதில் பாரம் இருக்கிறது, அதை எங்கே இறக்கி வைப்பது? அதற்கும் கைவேலை வைத்திருக்கிறார்கள்! ஆண்டின் பாதி முடியும் ஜூன் 30 அன்று கோயில் முற்றத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான புல் வளையம் ஒன்றை நிறுத்துவார்கள். அதற்குள் புகுந்து இடப்பக்கம் சுற்றி, மறுபடி புகுந்து வலப்பக்கம் சுற்றி, இன்னொரு முறை இடப்பக்கம் சுற்றி வர வேண்டும். அரையாண்டுத் தூசு அதோடு போச்சு. மனித உருவில் வெட்டிய காகிதம் ஒன்றும் தருவார்கள். அதில் பெயரை எழுதி, உடம்பில் தடவி, மூச்சை ஊதிக் கொடுத்துவிட்டால் கோயில்காரர்கள் அதை ஆற்றில் விடுவார்கள், அல்லது எரிப்பார்கள். கியோட்டோவில் அன்றைக்கு மாவும் சிவப்புப் பயறும் சேர்த்து முக்கோணமாக வெட்டிய இனிப்பு ஒன்று உண்டு. பனிக்கட்டித் துண்டின் வடிவமாம் அது. வெயில் காலத்தில் ஐஸ் வாங்க வசதியில்லாத ஏழை மக்களின் நினைவு அதில் இருக்கிறது. டிசம்பர் 31-இலும் இதே சுத்திகரிப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை மனதை வெள்ளையடிக்கிற வழக்கம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கியோட்டோவின் கியோன் பகுதி அருகே யாசுயி கொம்பிரா என்ற சிறிய கோயில். அங்கே ஒரு பெரிய கல், நடுவில் ஆள் ஊர்ந்து போகும் அளவு துளை. கல்லை யாரும் பார்க்க முடியாது; அத்தனை காகிதங்கள் ஒட்டியிருக்கின்றன! எந்த உறவு, எந்தப் பழக்கம், எந்த நோய் தன்னை விட்டுப் போக வேண்டுமோ அதைக் காகிதத்தில் எழுதிக் கையில் பிடித்தபடி முன்பக்கமிருந்து பின்பக்கம் ஊர்ந்து போனால் கெட்ட கட்டு அறுந்துவிடும். அங்கிருந்து திரும்பி ஊர்ந்து வந்தால் நல்ல கட்டு சேரும். பிறகு காகிதத்தைக் கல்லில் ஒட்டிவிட வேண்டும். குடியை விட, புகையை விட, அடிக்கிற ஆளை விட்டு விலக என்று எழுதுகிறார்கள். முட்டி போட்டு ஊர்ந்து, வெளியே வந்து எழுந்து நிற்கும்போது ஒருவருக்கு ஏற்படும் தெம்பை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

திட்டுகிற திருவிழாவும் இருக்கிறது! இபராகி மாகாணம், கசாமா ஊரின் அதாகோ மலைக் கோயிலில் டிசம்பரில் நடக்கும். தெங்கு என்ற மலைத் தெய்வங்களாக வேடமிட்ட 13 பேர் வெள்ளுடையில் சிறுசிறு சன்னதிகளுக்குப் படையல் வைத்துக்கொண்டே போவார்கள். கூட்டம் அவர்களைப் பார்த்து 'முட்டாளே' என்று தொண்டை கிழியக் கத்தும். அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மக்கள் அன்று மலையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இறங்குகிறார்கள்.

வகயாமாவின் அவாஷிமா கோயிலில் பிப்ரவரி 8 அன்று உடைந்த தையல் ஊசிகளுக்கு நன்றி சொல்லி வழியனுப்புவார்கள். கடினமான துணியில் குத்திக் குத்தி உழைத்ததே என்று, சில ஊர்களில் முறிந்த ஊசியை மெத்தென்ற டோஃபு கட்டியில் செருகி ஓய்வு கொடுப்பார்கள். ஊசிக்கு இந்த மரியாதை என்றால்!

இந்தக் கோயில்களில் நமக்கு ஒரு உறவுக்காரியும் இருக்கிறாள். நம் சரஸ்வதி! பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் 'பென்சாய்தென்' ஆனவள். வீணைக்குப் பதில் பீவா என்ற தந்தி வாத்தியம் வைத்திருக்கிறாள். காமகுரா நகரில் பாறையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாக உள்ளே போனால் செனியராய் பென்தென் கோயில். அங்கே குகை ஊற்றில், சின்ன மூங்கில் கூடையில் காசையும் நோட்டையும் வைத்துக் கழுவுகிறார்கள். கழுவிய பணம் பெருகுமாம்! ஆற்றின் தெய்வமாகத் தொடங்கியவள் அங்கேயும் தண்ணீரை விடவில்லை.

கங்கை முதலையின் கதை இன்னும் ஆச்சரியம். கும்பீரன் என்ற அந்த முதலைத் தெய்வம் ஜப்பானுக்குப் போய் 'கொம்பிரா' ஆகி, ஷிகோகு தீவின் மலைமேல் மாலுமிகளின் காவல் தெய்வமாக உட்கார்ந்துகொண்டது. 1868-இல் அரசு பௌத்தத்தையும் ஷிந்தோவையும் பிரித்தபோது அங்கே மூலவரின் பெயர் மாறியது. மக்கள் வாயில் மட்டும் இன்றைக்கும் கொம்பிரா தான். கோயிலுக்கு 785 படி, உச்சியில் உள்ள உட்கோயிலுக்கு 1,368 படி. நேரில் வர முடியாதவர்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் நாயை அனுப்பினார்கள்! கழுத்துப் பையில் எசமானர் பெயர், காணிக்கைக் காசு, வழிச் சோற்றுக்குப் பணம். வழியில் பார்க்கிற பயணிகள் சோறு போட்டு, அடுத்த ஊர் வரை கூட்டிப் போய்ச் சேர்ப்பார்கள். நாய் தரிசனம் முடித்து வீடு திரும்பும். முன்பின் தெரியாத மனிதர்கள் மேல் வைத்த நம்பிக்கையை நினைத்தால் கண் கலங்குகிறது.

ஊர்க் கோயில்கள் பலவும் அவற்றின் தோப்புகளும் ஒரு காலத்தில் அழிந்துபோக இருந்தன! 1906-இல் அரசு ஒரு உத்தரவு போட்டது: ஊருக்கு ஒரு கோயில் போதும், மற்றவற்றை மூடிச் சேர்த்துவிடுங்கள். அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் சுமார் 70,000 கோயில்கள் மறைந்தன. கோயில் போனால் தோப்பும் போயிற்று. கற்பூர மரங்கள் கட்டைவிலைக்கு விற்கப்பட்டன. அப்போது வகயாமாவின் தனாபே ஊரில் ஒருவர் எழுந்தார். மினாகதா குமாகுசு. 1867-இல் பிறந்தவர், லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்துத் தீர்த்தவர், 'நேச்சர்' இதழில் ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதியவர், சளிப்பூஞ்சை என்ற நுண்ணிய உயிர்களைத் தேடிக் கோயில் தோப்புகளில் அலைந்தவர். ஒரு மரத்தை வெட்டினால் அதன் நிழலில் வாழும் பூஞ்சை, பூச்சி, பறவை, ஊற்று, கடைசியில் ஊராரின் ஒற்றுமை வரை சேர்ந்து சரியும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். சூழலியல் என்ற அறிவியலை ஜப்பானியருக்கு அறிமுகம் செய்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1910-இல் கோபம் பொறுக்காமல் அதிகாரிகள் கூடிய மண்டபத்துக்குள் புகுந்து கலாட்டா செய்து 18 நாட்கள் காவலில் இருந்தார். அடைபட்ட இடத்திலும் சளிப்பூஞ்சை ஒன்றைக் கண்டுபிடித்தார் என்றால் அந்த மனிதரை என்ன சொல்ல! நாட்டார் வழக்காற்று அறிஞர் யனாகிதா குனியோ அவருடைய கடிதங்களை அச்சிட்டுப் பெரிய மனிதர்களிடம் சேர்த்தார். 1920-இல் அந்தக் கொள்கைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. 1929-இல் பேரரசர் ஹிரோஹிதோ தனாபே விரிகுடாவுக்கு வந்தபோது மினாகதா அவருக்கு 110 சளிப்பூஞ்சை மாதிரிகளைக் கொடுத்தார், மிட்டாய்ப் பெட்டிகளில் போட்டு! குமானோ யாத்திரைப் பாதையில் அவர் காத்த சுகி மரங்கள் சில இன்றும் நிற்கின்றன.

அந்தத் தோப்புகள் நம் சென்னைக்கும் வந்துவிட்டன என்பது தெரியுமா? தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021) ஜெர்மனியில் படித்துத் திரும்பி, ஜப்பானின் அசல் காடு எப்படி இருந்திருக்கும் என்று தேடினார். மனிதன் கை வைக்காத மரக்கூட்டம் எங்கே மிஞ்சியிருந்தது? கோயில் தோப்புகளில்! அவற்றைப் படித்தே, மண்ணின் சொந்த மரங்களைப் பல வகையாகக் கலந்து நெருக்கி நடும் முறையை உருவாக்கினார். உலகெங்கும் 4 கோடி மரங்களுக்கு மேல் அப்படி வளர்ந்தன. 2020-இல் சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் அடர்வனம் அமைத்தபோது கையாண்டது இந்த மியாவாக்கி முறையைத்தான். கோட்டூர்புரத்தில் ஒரு புங்க மரத்தடியில் நிற்கிறவருக்குக் கிடைக்கும் நிழலில் ஷிந்தோ தோப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது!

மரத்தடியில் நின்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அளந்து பார்த்துவிட்டார்கள். 'ஷின்ரின் யோகு', அதாவது வனக்குளியல் என்ற பழக்கத்தை 1982-இல் ஜப்பானிய வனத்துறை தொடங்கியது. நகரத்தில் நடந்தவர்களையும் காட்டில் நடந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், காட்டில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கார்ட்டிசால் என்ற மனஅழுத்தச் சுரப்பும் குறைந்திருந்தன. ஹினோகி மரத்தின் வாசனையையும் தனியாக ஆராய்ந்தார்கள். வனக்குளியலின் முதல் நிகழ்ச்சி எங்கே நடந்தது? நகானோ மாகாணத்தின் அகசாவா காட்டில். 300 ஆண்டு கடந்த ஹினோகி மரங்கள் அங்கே நிற்கின்றன. அந்தக் கிசோ மலைப்பகுதியில் மரத்தை வெட்டினால் தலையை வெட்டுவோம் என்று பழைய ஆட்சியாளர்கள் சட்டம் போட்டிருந்தார்கள்! அதே மலைப்பகுதியிலிருந்துதான் ஷிந்தோவின் தலைமைக் கோயிலான இசேவுக்கு மரம் போகிறது.

இசே! சூரிய தேவி அமதெராசுவின் இருப்பிடம். 20 ஆண்டுக்கு ஒரு முறை கோயிலை முழுக்கப் புதிதாக, பக்கத்து மனையில், அதே அளவில், அதே வடிவில் கட்டித் தெய்வத்தைக் குடிமாற்றுகிறார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஹினோகி மரங்கள் வேண்டும். முதல் முறை 690-இல். உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோய் மறுபடி தொடர்ந்து, 2013-இல் 62-ஆவது முறை நடந்தது. அந்த ஆண்டு மட்டும் ஒரு கோடியே 40 லட்சம் பேர் வந்தார்கள்! கட்டடம் மட்டுமில்லை; வாள், பட்டு, சீப்பு என்று 1,576 பொருட்களையும் அன்றைய கைவினைஞர்கள் புதிதாகச் செய்கிறார்கள். இருபது வயதில் எடுபிடியாக வந்த தச்சன், நாற்பதில் வேலை செய்வான், அறுபதில் சொல்லிக்கொடுப்பான். 1,300 ஆண்டுத் தொழில்நுட்பம் ஏட்டில் இல்லாமல் விரல்களில் வாழ்கிறது. பழைய மரமும் வீணாவதில்லை. மூலக்கோயிலின் பெருந்தூண்கள் இசுசு ஆற்றின் பாலத்து இரு முனையிலும் தோரியாக 20 ஆண்டு நிற்கும். அடுத்த 20 ஆண்டு பழைய யாத்திரைப் பாதையில் வேறு ஊர்களின் தோரியாக நிற்கும். 1923-இல் இசே தன் காட்டிலேயே ஹினோகி நடத் தொடங்கியது; அந்தத் திட்டத்தின் நீளம் 200 ஆண்டு! வெளிக்கோயிலில் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் மரத்தோடு மரம் தேய்த்துத் தீ உண்டாக்கிச் சோறு சமைத்துத் தெய்வங்களுக்குப் படைக்கிறார்கள். ஒரு வேளைகூட அவசரம் இல்லை.

63-ஆவது குடிமாற்றத்துக்கான வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2025 ஜூனில் கிசோ மலையில் கோடரிகளால் முதல் மரங்களைச் சாய்த்தார்கள். மூன்று திசையிலிருந்து வெட்டி, விழுந்ததும் அடிக்கட்டையில் அதே மரத்தின் சிறு கிளையைச் செருகி நன்றி சொன்னார்கள். குடிமாற்றம் 2033-இல். சாதாரண நாளில் இசேக்குப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே வெள்ளைத் திரை முன் நின்று வணங்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உள்முற்றத்தில் கால் வைக்க முடியாது. ஆனால் புதுக்கோயில் கட்டி முடித்து, தெய்வம் குடியேறுவதற்கு முந்தைய கோடையில் மட்டும் வேலிக்குள் மக்களை விடுவார்கள். மியா ஆற்றில் பொறுக்கிய வெள்ளைக் கல்லை வெள்ளைத் துணியில் ஏந்திப் போய், புத்தம் புதிய ஹினோகி மணக்கும் கருவறையைச் சுற்றிலும் பரப்பிவிட்டு வரலாம். உள்ளூர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற சேவை அது. 2013-இல் வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தவறவிட்டால் அடுத்தது 2053!